விளையாட்டும் அளவுகோலும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து மேற்கே செல்வோர் முதலில் இருங்காட்டுக்கோட்டையையும், அதன்பின் இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரையும் அடைவர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம் வரும். ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதி, இன்று இயந்திரத் தொழிலின் பெருவீதியாக விளங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ-நிஸான் ஆலை தொடங்கிற்று. அதன் பின்னர் லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளும் அங்கே வந்து சேர்ந்தன.

இந்த ஆலைகளுக்கு நடுவே விளையாட்டுத் தொடர்பான ஓர் இடமும் இருக்கிறது. அதுதான் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடம். 1953ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், முதலில் சோழவரத்திலிருந்த பழைய விமானத் தளத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர்த் தனக்கெனத் தனித் தடம் ஒன்றை அமைத்து, 1990ஆம் ஆண்டு இங்கே குடியேறியது. தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். ஒரு வண்டி இதனை 2 நிமிடத்தில் சுற்றி வந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 111 கிலோமீட்டர் என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம்.

அந்தத் தடத்தில் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது? வண்டியில் பல உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். எந்த இடத்தில் என்ன வேகம், எந்த வளைவில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினார், திசைச் சக்கரத்தை எத்தனை பாகை திருப்பினார் என்பன எல்லாம் நொடிக்குப் பலமுறை பதிவாகின்றன. ஓட்டம் முடிந்ததும் வீரரும் பொறியாளரும் அமர்ந்து இரண்டு சுற்றுகளின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பர். "இவ்வளைவில் பத்து மீட்டர் முன்னதாகவே பிரேக்கை அழுத்திவிட்டீர்கள்" என்று பதிவு காட்டும். அடுத்த சுற்றில் வீரர் அதனைத் திருத்திக்கொள்வார். "இன்னும் வேகமாக ஓட்டு" என்னும் பொதுவான அறிவுரையை விட இது எத்துணைப் பயனுடையது!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தடத்திற்குச் சிறிது தொலைவில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓடும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் இத்தகைய கவனம் கிடைக்கிறதா? வண்டிக்குக் கிடைக்கும் அளவீடு உடலுக்கும் கிடைக்கலாகாதா? இதனையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்வோம்.

உடற்பயிற்சியில் அளவெடுப்பது நமக்குப் புதிதன்று. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குவது அதுவே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளரும் அவரே. ஓட்டத்தையும் தாண்டுதலையும் கடிகாரத்தாலும் நாடாவாலும் அளந்து பயிற்றும் முறை இத்தகைய பள்ளிகளின் வழியாகவே நாட்டில் பரவியது. 1959-60இல் இந்திய அரசு தேசிய உடல்திறன் இயக்கத்தைத் தொடங்கி, ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் குறித்த அளவை எட்டியோரைச் சிறப்பித்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் 'ஃபிட் இந்தியா' இயக்கம் தோன்றியது. அதன் பள்ளித் தேர்வில், ஒன்பது வயதிற்கு மேற்பட்டோருக்கு உயரம்-எடை விகிதம், 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்குனிந்து எட்டுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியன இடம்பெறுகின்றன. உடற்கல்விக்கெனவே ஒரு பல்கலைக்கழகம், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்பட்டு, வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் நடைபெற்று வருகிறது. அது ஒரகடத்திலிருந்து வெகு தொலைவன்று.

ஆகவே, அளவுகள் எடுக்கப்படுகின்றன. எடுத்த அளவை எவ்வாறு நம்புவது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதில்தான் நாம் தேற வேண்டியிருக்கிறது.

முதலில், அளவின் நுட்பத்தைக் காண்போம். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி. வேறுபாடு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! உஷாவின் சராசரி வேகத்தில் அது ஏழு சென்டிமீட்டர் தூரம்தான். நான்கு விரல் அகலத்தை விடக் கொஞ்சமே மிகுதி. மனிதக் கண்ணும் கைக்கடிகாரமும் அத்தகைய வேறுபாட்டைக் காட்டவல்லவையல்ல. 1960இல் ரோம் ஒலிம்பிக் நீச்சற் போட்டி ஒன்றில், கடிகாரங்களெல்லாம் அமெரிக்கரான லார்சனுக்கே குறைந்த நேரத்தைக் காட்டின. ஆயினும் நடுவர் தீர்ப்பு ஆஸ்திரேலியரான டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தது. அந்தச் சர்ச்சை, மின்னணுக் கருவிகள் நீச்சற் குளத்துக்கு வர ஒரு காரணமாயிற்று.

நம் பள்ளிகளில் மின்னணுக் கருவி இல்லையே என்று கவலற்க. கைக்கடிகாரத்தையே சரியாகப் பயன்படுத்தும் வழிகள் உள்ளன. 100 மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் நிற்பவர், துப்பாக்கி ஒலி காதில் விழுந்ததும் கடிகாரத்தை அழுத்தினால் பிழை நேரும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், 100 மீட்டரைக் கடந்து அவர் காதை எட்டுவதற்குள் விநாடியில் பத்தில் மூன்று பங்கு கழிந்துவிடும். அவ்வளவும் ஓடியவனுக்கு இலவச வரவு! ஆகையால் துப்பாக்கியின் புகையைக் கண்டே அழுத்த வேண்டும். பள்ளிகளில் துப்பாக்கிக்குப் பதிலாகக் கொடியை இறக்குவது போதுமானது. மூவர் நேரம் குறித்து, இருவர் ஒத்துச் சொன்னால் அதனையும், மூவரும் வேறுபட்டால் நடு அளவையும் கொள்வது முறை.

தூரத்திலும் இத்தகைய பிழை உண்டு. வட்டமான தடத்தில் உட்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் விலகி ஒரு முழுச் சுற்று ஓடியவன், இரண்டு பை மடங்கு, அதாவது 6.28 மீட்டர் கூடுதலாக ஓடுகிறான். தடம் சிறியதாயினும் பெரியதாயினும் இந்தக் கூடுதல் மாறாது. உங்கள் மைதானத்தில் 600 மீட்டரை முடிக்க நான்கு சுற்றுகள் வேண்டுமென்றால், ஒதுங்கி ஓடியவனுக்கு 25 மீட்டர் வீணாயிற்று. வகுப்பில் படிக்கும் கணிதம் மைதானத்தில் உயிர்பெறுவது இவ்வாறே.

அடுத்து, ஒரு மாணவனின் குறிப்பேட்டைப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டு. ஜூன் மாதத்தில் அவன் 600 மீட்டரை 3 நிமிடம் 10 விநாடியில் ஓடினான். ஓட்டம் முடிந்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 152. செப்டம்பரில் 3 நிமிடம் 2 விநாடி, துடிப்பு 140. டிசம்பரில் 2 நிமிடம் 51 விநாடி, துடிப்பு 128. வகுப்பின் சராசரி நேரமோ 2 நிமிடம் 30 விநாடி. வகுப்போடு ஒப்பிட்டால் அவன் டிசம்பரிலும் பின்தங்கியவனே. தன்னோடு தன்னை ஒப்பிட்டாலோ, ஆறு மாதத்தில் 19 விநாடி, அதாவது பத்தில் ஒரு பங்கு முன்னேறியிருக்கிறான். ஓடி முடித்தபின் இதயம் விரைந்து அமைதியுறுகிறது என்பது அதனினும் நல்ல செய்தி. இரண்டு ஒப்பீடுகளும் உண்மையே. ஆனால் அவனை நாளையும் மைதானத்திற்கு வரச்செய்வது இரண்டாவது ஒப்பீடே.

நான் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆண்டுக்கொரு முறை எங்களை ஓடவிட்டு, நேரங்களை வரிசைப்படுத்தி உரக்கப் படிப்பார்கள். கடைசிப் பெயருக்கு வகுப்பே சிரிக்கும். அந்தக் கடைசிப் பெயருக்குரியவன் அடுத்த ஆண்டு தேர்வன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டான். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தான். எவனுக்கு உடற்பயிற்சி மிகவும் தேவையோ, அவனையே அந்தப் பட்டியல் மைதானத்திலிருந்து விரட்டிவிட்டது. எண்கள் சரியானவை, அவற்றைப் பயன்படுத்திய முறைதான் தவறு.

ஒரு முன்னேற்றம் மெய்யானதா, தற்செயலானதா என்று அறிவதற்கும் வழியுண்டு. ஒரே வாரத்தில் இருமுறை அதே ஓட்டத்தை ஓடச்செய்து பாருங்கள். பயிற்சி ஏதுமின்றியே இரண்டு நேரங்களும் மூன்று விநாடி வேறுபடுமாயின், பின்னாளில் காணும் இரண்டு விநாடி முன்னேற்றத்தைக் கொண்டு மகிழவோ, இரண்டு விநாடிப் பின்னடைவைக் கண்டு வருந்தவோ இடமில்லை. நாடியைப் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். அதில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். வெயிலையும் மறத்தலாகாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களின் வெம்மையில் ஓடியதையும் டிசம்பர்க் காலையில் ஓடியதையும் அப்படியே ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். நாள், வேளை, வெப்பம், ஓடிய தரை, காலணி உண்டா இல்லையா என்பனவற்றை எண்ணின் அருகிலேயே குறித்துவைக்க வேண்டும்.

சராசரிகளைக் கையாள்வதிலும் எச்சரிக்கை தேவை. ஒருவரின் உச்ச நாடித்துடிப்பை அறிய, 220இலிருந்து வயதைக் கழி என்பது பரவலான வாய்பாடு. அதன்படி 20 வயதினர்க்கு அது 200. ஆனால் இது பலரைச் சேர்த்துக் கண்ட தோராயமே. தனி ஒருவருக்கு அதனின்று பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடியும் குறைந்தும் இருப்பது இயல்பு. உயரம்-எடை விகிதத்தின் வரலாறும் இதனையே உணர்த்தும். எடையைக் கிலோகிராமில் கொண்டு, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கெட்டலே என்னும் பெல்ஜிய அறிஞர் ஒரு புள்ளியியலாளர், மருத்துவர் அல்லர். மக்கள் தொகுதியை ஆராய்வதற்காகவே அவர் அதனைக் கண்டார். 1.70 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு விகிதம் 27.7 என்று வரும். அவர் ஓடியாடாத மனிதராயின் அது கொழுப்பைக் குறிக்கலாம். பளு தூக்கும் வீரராயின் அது தசையாகவும் இருக்கலாம். எண் ஒன்றே, பொருள் வேறு. வளரும் பிள்ளைகளுக்கோ, வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற தனி அட்டவணையைக் கொண்டே அதனை நோக்க வேண்டும்.

வளர்ச்சியைப் பற்றிச் சற்றே விரிவாகக் கூறவேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் உயரம் விரைந்து கூடும். ஓராண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வளர்வதும் உண்டு. அக்காலத்தில் எலும்பு நீளும் வேகத்திற்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்க மாட்டா. நேற்றுவரை லாகவமாகத் தாண்டிய பிள்ளை இன்று தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே வலி என்பான். அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வோர் உளர். மூன்று மாதத்திற்கொரு முறை உயரத்தைக் குறித்து வந்த ஆசிரியரோ, "இவன் வேகமாக வளர்கிறான், சில மாதங்களுக்குத் தாண்டும் பயிற்சியைக் குறைப்போம்" என்று முடிவு செய்வார். சுவரில் ஒட்டிய ஒரு சாதாரண நாடா ஒரு பிள்ளையின் முழங்காலைக் காத்துவிடுகிறது.

தேர்வு செய்வதிலும் வயது ஒரு மாயம் புரிகிறது. கனடா நாட்டுப் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த நாட்களை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே அவர்களுள் மிகுதி என்று கண்டனர். காரணம் எளிது. ஜனவரி முதல் நாளை எல்லையாகக் கொண்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவர். பத்து வயதில் பதினொரு மாத வேறுபாடு உடல் வலிமையில் மிகப் பெரிது. பெரியவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான்; நல்ல பயிற்சி பெறுகிறான்; மெய்யாகவே சிறந்தவனாகிறான். டிசம்பர்ப் பிள்ளையின் திறமை அரும்பிலேயே நின்றுவிடுகிறது. உங்கள் பள்ளிக் குழுவின் பிறந்த மாதங்களை ஒருமுறை எழுதிப் பாருங்கள். உண்மை உங்களுக்கே தெரியவரும்.

குழு விளையாட்டில் எண்ணுவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் ஊர்க் கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீரர் 20 முறை பாடிச் சென்று 8 முறை வெற்றியோடு திரும்பினார். மற்றொருவர் 12 முறை சென்று 7 முறை வென்றார். கைதட்டல் முதல்வருக்கே கிடைத்திருக்கும். விகிதமோ முதல்வருக்கு 40 விழுக்காடு. இரண்டாமவருக்கு 58 விழுக்காடு. இத்தோடு நில்லாமல், எந்தப் பக்கத்தில் சென்றபோது பிடிபட்டார், ஆட்டத்தின் முற்பாதியிலா பிற்பாதியிலா என்றும் கோடிட்டு வந்தால், பிற்பாதியில் மட்டும் பிடிபடுபவருக்கு வேண்டியது உத்தி அன்று, தாங்குதிறன் என்பது விளங்கும். ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இதற்குப் போதும்.

பயிற்சியின் சுமையை அளக்கவும் எளிய முறை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்தபின் வீரரையே, "எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேட்டுச் சுழியிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் செய்வர். அதனைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குவர். 45 நிமிடப் பயிற்சிக்கு அவர் 6 என்றால் சுமை 270. வாரந்தோறும் கூட்டிப் பார்த்தால், போட்டி நெருங்கும்போது ஆர்வத்தால் சுமை திடீரென இரட்டிப்பாவது தெரியும். காயங்கள் பெரும்பாலும் அத்தகைய தருணங்களை ஒட்டியே வருவன. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் எண்ணும் நாடியும் ஒரு நல்ல சாட்சி. அது நாலைந்து நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், உறக்கம் போதவில்லை அல்லது நோய் வருகிறது என்று ஐயுறலாம். ஒரகடத்து ஆலைகளில் இரவு முறை வேலை பார்த்துவிட்டு ஞாயிறன்று பந்தாட வரும் இளைஞர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இனி, முக்கியமான ஒரு வேறுபாட்டைக் கூறி முடிக்கிறேன். இப்பகுதியின் ஆலைகளில் அளவுக்குரிய மதிப்பு நமக்கு நன்கு தெரியும். ஒரு பல்சக்கரம் குறித்த வரம்பிற்குள் இருந்தால் அடுத்த மேடைக்குச் செல்லும், இல்லையேல் ஒதுக்கப்படும். எல்லாப் பாகங்களும் ஒன்றுபோல் இருப்பதே அங்கு வெற்றி. இந்த மனப்பான்மையை அப்படியே மைதானத்திற்குக் கொண்டுவந்தால் பெருந்தவறு விளையும். பிள்ளைகள் ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் அல்லர். ஆலையில் வரம்பிற்கு வெளியே போனதை விலக்குகிறோம். மைதானத்தில் வரம்பிற்கு வெளியே இருப்பவனிடம்தான் ஆசிரியர் முதலில் செல்ல வேண்டும். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் விபத்தில் வலக்கால் ஊனமுற்றவர். பொதுவான அட்டவணை எதுவும் அவரை உயரம் தாண்டுவோர் வரிசையில் வைத்திராது. ஆனால் அவர் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்குகளிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். அவர் திறத்தைக் காட்டியதும் அளவுகோலே. அவருக்கு ஏற்ற முறையில் வைத்த அளவுகோல்.

உடலைப் பற்றிய குறிப்புகள் ஒருவரது அந்தரங்கம் என்பதையும் நினைவில் கொள்வோம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு மாணவியின் எடையை வகுப்பின் நடுவே படிக்கலாகாது என்பதை உணரச் சட்டமா வேண்டும்? குறிப்பேடு பிள்ளைக்கு உரியது. அதனை ஆசிரியரும் பெற்றோரும் உடனிருந்து பார்க்கலாம். ஊர் பார்க்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, நாற்பது பக்க நோட்டு ஒன்றை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலை நாடி, உறங்கிய நேரம், செய்த பயிற்சி, அதன் கடினம் ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை 600 மீட்டர் ஓடி நேரத்தைக் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஒரு வீரர் தம் முந்தைய சுற்றின் பதிவைப் பார்த்து அடுத்த சுற்றைத் திருத்திக்கொள்வதுபோல், நீங்களும் உங்கள் உடலின் போக்கை அறிந்து திருத்திக்கொள்வீர்கள். நோட்டில் எண் குறைந்தாலும் கூடினாலும், மறுநாள் காலையில் மைதானத்திற்குச் செல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.